கிறிஸ்தவ பாடத்தை யார் எடுப்பது

எங்கள் பாடசாலையில் சமயப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்புகள் கலைந்துவிடும். இந்த நாட்டில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் படித்துப் பரீட்சை எழுதியே ஆகவேண்டும். ஒரே வாங்கில் ஒட்டிக்கொண்டு இருக்கிறவர்கள் அந்த ஒரு பாடவேளைக்கு மட்டும் ஆளுக்கொரு திசையில் நடப்பார்கள். முஸ்லிம் பிள்ளைகள் மேல்மாடிக்கு மௌலவியிடம் போவார்கள். சைவப் பிள்ளைகள் மண்டபத்துக்கு என்னிடம் வருவார்கள், அங்கே திருவிழாக் கூட்டம்தான். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒரு கைப்பிடி. அவர்களை ஆங்கில ஆசிரியை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள். கிறிஸ்தவத்துக்கென்று எங்களுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்ததே இல்லை. அவள் கிறிஸ்தவப் பெண் என்பதால் அந்தப் பாடமும் அவள் தலையில் விழுந்தது.

அவள் அதைச் சுமையாக நினைத்தவள் இல்லை. ஆங்கிலம் அவளுக்குச் சம்பளம், கிறிஸ்தவ பாடம்தான் உயிர். அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடும்பத்துக்கே 'வேதக்கார வீடு' என்றுதான் பெயர், கிறிஸ்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவளுடைய தாத்தா தோட்டத்துச் சின்னக் கோயிலில் ஞாயிறு தோறும் வேதம் வாசித்தவர். வெள்ளிக்கிழமை என்னோடு பஸ்ஸில் வரும்போதே இன்றைக்குப் பிள்ளைகளுக்கு எந்தக் கதை என்று சொல்லிக்கொண்டு வருவாள். நான் கடுகண்ணாவையிலிருந்து ரயிலில் கண்டிக்கு வந்து இறங்குவேன். அவள் அம்பிட்டியவிலிருந்து வருவாள். பல்லேகலப் பக்கம் போகிற பஸ்ஸில் முந்திக்கொண்டு ஏறி ஜன்னல் ஓரம் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். என்னை அக்கா என்பாள். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு, அவளுக்குக் காது நீளம். அதனால் எங்களுக்கு ஒத்துப்போனது.

அவளும் புருஷனும் மோர்மன் என்ற வெளிநாட்டுச் சபையில் சேர்ந்தது முதலில் யாருக்கும் தெரியாது. தேத்தண்ணிதான் காட்டிக் கொடுத்தது. அந்தச் சபைக்காரர்கள் தேயிலை, கோப்பி இரண்டையும் தொடமாட்டார்களாம். ஆசிரியர் அறையில் பிளேன்டீ வரும்போது இவள் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த மல்லித் தண்ணியைக் குடிக்கத் தொடங்கினாள். "கேஸ்ட்ரிக்கா?" என்று கேட்டேன். "இல்லக்கா, விட்டுட்டேன்" என்றாள். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் தேத்தண்ணியை விட்டுவிட்டேன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு மாதத்துக்குள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்தது. வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு வெளிநாட்டுப் பையன்கள் அம்பிட்டிய ஏற்றத்தில் வியர்க்க வியர்க்க நடந்து அவர்கள் வீட்டுக்குப் போவதைக் கண்டவர்களும் இருந்தார்கள். எனக்கு இதில் பெரிய அதிசயம் ஒன்றும் தோன்றவில்லை. யேசு சாமியை ஒரு கோயிலில் கும்பிட்டவள் இன்னொரு கோயிலில் கும்பிடுகிறாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

கிறிஸ்தவ வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் அப்பா கண்டியில் ஒரு சபையில் போதகர். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரும்கூட. அவர் ஒருநாள் பாடசாலை அதிபரைப் பார்க்க வந்தார். சத்தம் போடவில்லை, மனு எழுதவில்லை. மரியாதையாகக் கதிரையில் உட்கார்ந்து, கிறிஸ்தவ பாடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கும்படி கேட்டார். அதிபர் அவளைக் கூப்பிட்டார். சமயப் பாடம் என்பதால் என்னையும் கூப்பிட்டார். எங்கள் அதிபர் நல்ல மனுஷன். சண்டை என்றாலே அவருக்கு ஆகாது. எல்லாரையும் சிரிக்க வைத்து அனுப்பிவிடலாம் என்று நம்புகிறவர்.

"ரீச்சர் கெட்ட ஆள் எண்டு நான் சொல்ல வரேல்ல" என்று போதகர் தொடங்கினார். "என்ர மகள் அவவிட்டப் படிச்சுத்தான் இங்கிலீஷில நல்ல மார்க்ஸ் எடுக்கிறாள். ஆனா அவவின்ர சபை கிறிஸ்தவ சபை இல்லை. அவை பல தெய்வத்தை நம்பினம். கிறிஸ்தவத்துக்கு அத்திவாரமே கடவுள் ஒருவர் எண்டதுதான்."

அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் உயரவில்லை. "ஐயா, நாங்க கும்புடுறது பரலோகப் பிதா ஒருத்தரத்தான். யேசுவோட நாமத்துல ஜெபம் பண்றோம். வேற யாரையும் கும்புடல."

"சரி. யேசு கடவுளோ இல்லையோ?"

"கடவுள்தான்."

"பிதா?"

"அவரும்தான்."

"ரெண்டு பேருக்கும் வேற வேற உடம்பு இருக்கெண்டு நீங்கள் நம்புறியள். எலும்பும் தசையுமா."

"ஆமாங்கய்யா. பரிசுத்த ஆவிக்கு மட்டும் உடம்பு இல்ல, அவர் ஆவி."

"அப்ப மூண்டு பேர். மூண்டு பேரும் கடவுள். மூண்டு கடவுள்." கணக்கு வாத்தியார் பலகையில் விடையை எழுதிக் கீழே கோடு போட்ட மாதிரி நிறுத்தினார்.

"நீங்களும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரத்தானே சொல்றீங்க? மூணையும் ஒண்ணுங்கிறீங்க. நாங்களும் ஒண்ணுன்னுதான் சொல்றோம். எதுல ஒண்ணுங்கிறதுலதான் வித்தியாசம். உங்களுக்கு அவங்க சாராம்சத்துல ஒண்ணு. எங்களுக்கு நோக்கத்துல ஒண்ணு, மனசுல ஒண்ணு."

"அந்த 'எதில' எண்டதுதான் பிள்ளை முழு விஷயமும்" என்றார் போதகர். இப்போது அவர் குரலில் கொஞ்சம் கனிவு வந்திருந்தது. நல்ல மாணவி ஒருத்தி கிடைத்துவிட்ட வாத்தியாரின் கனிவு. "புருஷனும் பெஞ்சாதியும் ஒரே மனசா இருக்கலாம். அதுக்காக வாக்களிக்கப் போனா ஒரு வாக்குச்சீட்டோ குடுப்பினம்? ரெண்டு பேர் ரெண்டு பேர்தான். மனசு ஒண்டா இருக்கிற மூண்டு கடவுள் மூண்டு கடவுள்தான்."

"கும்புடாதத எண்ணிக்கையில சேத்து எங்கள பல தெய்வக்காரங்கன்னு சொல்றது எந்த ஊரு நியாயம்ங்கய்யா? ஒரு வீட்டுல அப்பா, மகன் ரெண்டு பேரும் இருக்காங்க. நான் அப்பாகிட்ட மட்டும்தான் கேக்குறேன். எனக்கு எஜமான் ஒருத்தர்தானே?"

நான் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சரியாகவே பேசுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் கேட்டது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று. அவள் சொன்னது எத்தனை பேரைக் கும்பிடுகிறோம் என்று. இது விடிய விடியப் பேசினாலும் தீராது. அப்போதுதான் எங்கள் அதிபர், பாவம், உதவி செய்ய வந்தார்.

"அப்பா இருக்காரு, மகன் இருக்காரு" என்றார் சிரித்துக்கொண்டே. "அம்மா இல்லையா டீச்சர்?"

பகிடிக்குத்தான் கேட்டார். அவள் தலையைக் குனிந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். "அது வந்து, அம்மா இல்லையே சேர்" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் பொய் வராத நாக்கு அவளுக்கு.

"இருக்காங்க சேர். பரலோகத்துல தாய் உண்டுன்னு நம்புறோம். ஆனா அவங்ககிட்ட ஜெபம் பண்றதில்ல."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசவேண்டிய தேவை அவருக்கு இல்லை. அதிபருக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே! அப்ப பிரச்சினையே இல்லையே! அம்மா, அப்பா, புள்ள, எல்லாம் நம்ம சாமிங்க மாதிரிதானே? ஐயா சொல்ற மாதிரி பல தெய்வம்னே வச்சுக்குவோம், அதுல என்ன குத்தம்? டீச்சருக்குச் சைவநெறியில ரெண்டு வகுப்பக் குடுத்துடலாம். நம்ம அக்காவுக்கும் கூட்டம் தாங்க முடியலன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க."

மனுஷன் மனதாரச் சொன்னார். விருந்தாளிக்கு உள்வீட்டில் பாய் விரித்துக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு. அவளைப் பார்த்தேன். போதகர் அவ்வளவு கேட்டபோதும் கலங்காதவளுக்கு இப்போது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது.

"சேர், சைவம் என்ன, எடமில்லாதவங்கள எல்லாம் ஏத்திக்கிட்டுப் போற கடைசி பஸ்ஸா?" என்றேன். "எங்களுக்கும் பதி ஒருத்தர்தான். நான் ஆறாம் வகுப்புலருந்து தொண்டை கிழியச் சொல்லிக் குடுக்குறது அதத்தான். பல தெய்வம்னு ஒரு பெட்டிய வச்சுக்கிட்டு, அடையாளம் தெரியாததெல்லாம் அதுல போட்டு எங்க வாசல்ல எறக்காதீங்க. இந்தப் புள்ள யேசுவக் கும்புடுறவ. அவ எப்படிச் சேர் தேவாரம் சொல்லிக் குடுப்பா?"

அதிபர் பேனாவைத் திறந்து மூடினார். எங்களுக்குக் கடவுள் ஒருவரா பலரா என்பதில் அங்கே யாருக்கும் அக்கறை இல்லை என்று எனக்கு விளங்கியது. போதகர் மட்டும் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

"சேர், நான் ஒண்டு சொல்லட்டோ?" என்றார். "இந்த ரீச்சரே கிறிஸ்தவ பாடத்தையும் எடுக்கட்டும்."

அவர் காட்டியது என்னை.

அதிபர் வாயைத் திறந்தபடி இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஐயா, நான் திருநீறு பூசிக்கிட்டு வந்து பிதா, குமாரன், ஆவின்னு திரித்துவம் சொல்லிக் குடுக்கவா?" என்றேன்.

"ஓம், சொல்லிக் குடுங்கோ. நீங்கள் வெளியாள். நீங்கள் புத்தகத்தை வாசிச்சு விளங்கப்படுத்தினா பிள்ளையள் அதைப் பாடமெண்டு எடுக்குங்கள். உங்களைப் பாத்து ஒருத்தரும் மாறப்போறதில்லை. இந்தப் பிள்ளை எங்கட வேதத்தைக் கையில வச்சிருக்கிறா, எங்கட பேரைச் சொல்லுறா. இவ சொன்னா அதுகள் விசுவாசமெண்டு எடுக்குங்கள். பக்கத்தில நிக்கிறவைதான் எனக்குப் பயம்."

எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் மனுஷன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். அவள் எழுந்து, "சரிங்க சேர், அக்காவே எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அடுத்த கிழமை பாட நேரசூசி மாறியது, பெரிய வகுப்புகளுக்கும் சின்ன வகுப்புகளுக்கும் சமயப் பாடவேளை வேறு வேறு நேரமானது. பெரிய வகுப்புச் சைவப் பிள்ளைகளை நடன ஆசிரியைக்குக் கொடுத்தார்கள். கிறிஸ்தவம் எனக்கு வந்தது. அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு ஆங்கில வகுப்பு. பல தெய்வத்தை நம்புகிறாள் என்று ஒருத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கதிர்காமத்துக்குக் காவடி நேர்ந்த குடும்பத்துக்காரி என்னை வைத்த கூத்தைப் பற்றி ஆசிரியர் அறையில் கொஞ்ச நாள் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. அதிபர் அறையில் பேசிய மறுநாள் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகிற பஸ்கள் எல்லாம் முந்திக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தாத்தா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ தெரியல" என்றாள். "பொறந்ததுலருந்து வேதக்காரிங்கிற பேரோடதான் இருந்தேன். ஒரே நாள்ல அது இல்லேன்னு ஆக்கிட்டாங்க." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது, வாய்தான் நீளமே தவிர.

ஆனால் எனக்குப் பாடம் எடுத்தாகவேண்டும். சாதாரண தரம் என்கிற பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள். திரித்துவம் என்ற பாடத்தைத் திறந்து பார்த்தால் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன்.

"ஒரே மனுஷன் வீட்டுல அப்பா, ஆபீஸ்ல மெனேஜர், அம்மாவுக்கு மகன். அந்த மாதிரியா?"

"ஐயோ, இல்லக்கா!" பழைய உயிர் திரும்பி வந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்படிச் சொன்னா ஒருத்தரே மூணு வேஷம் போடுறாருன்னு ஆயிடும். அது ரொம்பப் பழைய தப்பு, சபையில அத அப்பவே வேணாம்னுட்டாங்க."

"தண்ணி, ஐஸ், ஆவி?"

"அதுவும் அதே தப்புதான். எதோடயும் ஒப்பிடாதீங்க. மூணு ஆள், ஒரே தேவன். பிதா குமாரன் இல்ல, குமாரன் ஆவி இல்ல. ஆனா மூணு தேவன்னு சொல்லக்கூடாது. தேவத்துவம் ஒண்ணுதான், அதப் பங்கு போட முடியாது. பிள்ளைங்க குழம்பும். குழம்பட்டும், விடுங்க. குழப்பத்த நீங்களா தீர்த்து வைக்கப் போனீங்கன்னா தப்பாயிடும்."

கண்டியிலிருந்து பாடசாலை வரும்வரைக்கும் பல நாட்கள் இப்படித்தான் போயின. பல்லேகல மைதானத்தில் கிரிக்கெட் மட்ச் நாளில் வீதி அடைத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் படித்தேன். கோட்டைத் தாண்டாத ஆசிரியை அவள். ஒருநாளும் தன் சபையின் கருத்தை இடையில் செருகவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

"நீ இத நம்புறியா?" என்று கேட்டே விட்டேன்.

"இல்லக்கா."

"பின்ன எப்படி இத்தன நாளா...?"

"அது பாடம். பிள்ளைங்க சோதனை எழுதணும். என் வீட்டுச் சங்கதியை நான் எதுக்கு அங்க கொண்டு போறேன்?"

"அந்த ஐயாகிட்ட இத ஏன் சொல்லல?"

"அவர் கேக்கலயே. கடவுள் எத்தன பேருன்னுதான் கேட்டாரு."

பஸ் நின்று ஆட்களை ஏற்றியது. அவள் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள். "எனக்குக் கடவுளுக்கு ஒரு முகம் வேணும்க்கா. சாராம்சத்தக் கும்புட எனக்குத் தெரியல. சிலுவைக்கு முந்துன ராத்திரி கெத்செமனே தோட்டத்துல யேசு அழுது ஜெபம் பண்றாரே, சின்ன வயசுலருந்து அந்த எடத்துல நான் நின்னுடுவேன். மகன் அழுவுறாரு, அப்பா கேட்டுக்கிட்டு இருக்காரு. அங்க நெசமா ரெண்டு பேர் இருக்கணும். இல்லன்னா அந்த அழுகைய யாரு கேட்டது? இதுக்காகத்தான் நான் போனேன். தேத்தண்ணிய விட்டது கூட இதுக்குத்தான்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொஸ்தகத்துல உள்ள பதில் வேற, எழுதிக்குங்க" என்று அதையும் சொல்லித் தந்தாள்.

அந்த மழைக்காலத்தில் நூலகக் கூரை ஒழுகியது. கிறிஸ்தவ வகுப்பைப் பின்கட்டிடத்துக்கு மாற்றினார்கள். அங்கே அறைக்கும் அறைக்கும் நடுவில் தோள் உயரத்துக்கு அரைச்சுவர்தான். ஒரு பக்கம் தும்மினால் மறுபக்கம் கேட்கும். மறுபக்கம் அவளுடைய ஆங்கில வகுப்பு. நான் கெத்செமனே பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் நடத்திக்கொண்டிருந்தாள். போதகரின் மகள் கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், பிதாவும் யேசுவும் ஒரே கடவுள் எண்டால், யேசு ஆரிட்ட அழுது ஜெபம் பண்ணினவர்? தன்னட்டையேவோ?"

சுவருக்கு அந்தப் பக்கம் சொல்வதெழுதல் நின்றுவிட்டது.

அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். 'அங்கே இரண்டு பேர் இருந்தார்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். பரீட்சைக்கு அதனால் பெரிய நட்டம் வந்திருக்காது. ஆனால் இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லும். அதைவிட, எனக்குப் படிப்பித்தவள் அப்படிப் படிப்பிக்கவில்லை.

"தன்னட்ட இல்லம்மா" என்றேன். "பிதா வேற ஆள், குமாரன் வேற ஆள். அதனால குமாரன் பிதாகிட்டப் பேசுறாரு, பிதா கேக்குறாரு. ஆனா தேவன் ரெண்டு பேர் இல்ல. தேவத்துவம் ஒண்ணுதான், அதப் பங்கு போட முடியாது. ரெண்டு தேவன் அங்க இருந்தாங்கன்னு யாராவது சொன்னா, அது கிறிஸ்தவம் இல்ல."

கடைசி வாக்கியமும் அவள் எனக்குச் சொல்லித் தந்ததுதான். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். மறுபக்கம் ஒரு பிள்ளை, "மிஸ், அடுத்த வசனம்?" என்று கேட்டது. கொஞ்சம் கழித்து அவள் சொல்வதெழுதலை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

இடைவேளைக்கு ஆசிரியர் அறைக்குப் போனேன். அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.

"நல்லாச் சொன்னீங்கக்கா" என்றாள்.

"நீ சொல்லித் தந்ததுதானே."

"ஆமா. ஒரு சொல்லு பெசகல." பெட்டியை மூடினாள். "ஒரு சொல்லாவது விட்டிருக்கலாம்க்கா."